யு.கே. செஃப் ஸ்பான்சர்ஷிப்புக்கு 14 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

காவிரிக்கரை_செஃப் | 2025 அக்டோபர் 11, இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

வயசு 28. திருச்சி துவாக்குடியில ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்சேன். சென்னையில ஒரு ஸ்டார் ஹோட்டல்ல கமி 3-ஆ (அடிமட்டச் சமையல்காரரா) சேர்ந்து, இப்ப இண்டியன் கிச்சன்ல சி.டி.பி. (செக்ஷன் பொறுப்பு செஃப்). தந்தூர், கறி ரெண்டு செக்ஷனும் என் பொறுப்பு. பிடித்தம் போகக் கைக்கு வர்றது 27 ஆயிரம். வீட்டுக் கடன் இருக்கு. வெளிநாடு போயே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இங்க ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். லண்டனுக்குப் பக்கத்துல ஒரு இண்டியன் ரெஸ்டாரன்ட், சி.ஓ.எஸ். (முதலாளி தர்ற ஸ்பான்சர்ஷிப் சான்று) ரெடியா இருக்கு, மொத்தம் 14 லட்சம், முன்பணம் 4 லட்சம்னு சொல்றாங்க. "மிச்சம் விசா ஸ்டாம்ப் ஆனப்புறம் குடுங்க தம்பி"ன்னு ரொம்ப நயமாப் பேசினாங்க. நான் சும்மா நம்பல. யு.கே. அரசாங்கத்தோட ஸ்பான்சர் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன், அந்த ரெஸ்டாரன்ட் பேரு அதுல இருக்கு. அப்ப இது நெசம்தானே? அங்க கிச்சன்ல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.


மிட்லண்ட்ஸ்_கரண்டி | அக்டோபர் 12, காலை 6.10

தம்பி, ஒரு ரூபா குடுக்காதீங்க.

நான் லெஸ்டர்ல இருக்கேன், 2023-ல ஸ்கில்டு வொர்க்கர் விசாவில வந்தவன். அப்ப செஃப் வேலைக்கு (கோடு 5434) வருஷம் 26,200 பவுண்டு காட்டினாப் போதும். 2024 ஏப்ரல் 4-ல அதை 38,700 ஆக்கினாங்க. பாதி இண்டியன் ரெஸ்டாரன்ட் முதலாளி அன்னைக்கே கையை விரிச்சுட்டான். அப்புறம் 2025 ஜூலை 22. அன்னையிலேர்ந்து இந்த விசாவுக்கு டிகிரி லெவல் வேலை மட்டும்தான், சம்பளமும் 41,700. இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க: நீங்க டிகிரி படிச்சிருக்கீங்களாங்கிறது கேள்வியே இல்ல. செஃப்ங்கிற வேலையையே டிகிரி லெவலுக்குக் கீழ வெச்சிருக்காங்க. ஆள் பற்றாக்குறைன்னு தற்காலிகமா ஒரு லிஸ்ட் விட்டாங்களே, அதுலயும் செஃப் கிடையாது.

அதனால ஊர்லேர்ந்து புதுசா செஃப்பா வர்ற வழி இப்போதைக்கு மூடியாச்சு. இன்னைக்கு "செஃப் சி.ஓ.எஸ். ரெடி"ன்னு சொல்றவன் கடையில சரக்கே இல்ல.

லிஸ்ட்டுல பேரு இருக்கேன்னு கேட்டீங்க. அந்த லிஸ்ட் லைசென்ஸ் உள்ளவன் யாருன்னு மட்டும்தான் சொல்லும். அவன்கிட்ட வேலை காலியா இருக்கா, உங்க வேலைக்கு ஸ்பான்சர் பண்ண முடியுமான்னு சொல்லாது. ஜூலைக்கு முன்னாடியே இங்க விசாவோட இருக்கிற செஃப்புங்க புதுப்பிக்கலாம், வேற முதலாளிகிட்ட மாறலாம். அந்த மாதிரி ஆளுங்களை வெச்சிருக்கிற கடையெல்லாம் லிஸ்ட்டுல இருக்கத்தானே செய்யும்?

இன்னொரு வித்தை நடக்குது. சி.ஓ.எஸ்.-ல ஏதாவது ஆபீஸ் உத்தியோகம் பேரைப் போட்டுட்டு, வந்ததும் தந்தூர் முன்னாடி நிறுத்துறது. பிடிபட்டா முதலாளிக்கு லைசென்ஸ் போகும், உங்களுக்கு விசா போகும்.

கணக்கையும் பாத்துடுங்க. வழி திறந்திருந்த காலத்துலகூட 2025 அக்டோபர் ரேட்படி ஒரு சின்னக் கடை முதலாளிக்கு ஆகுற செலவு: சி.ஓ.எஸ். கட்டணம் 525 பவுண்டு, ஸ்கில்ஸ் சார்ஜ் (வெளிநாட்டு ஆள் எடுக்க முதலாளி கட்டுற கட்டணம்) வருஷத்துக்கு 364. மூணு வருஷத்துக்குச் சேத்து 1,617 பவுண்டு, நம்ம காசுல 2 லட்சத்துக்கும் கீழ. அதை உங்க தலையில கட்டவே கூடாதுன்னு சட்டம். அதே ரேட்படி நீங்க கட்ட வேண்டியிருந்தது விசா கட்டணம் 769, மருத்துவத்துக்கு வருஷம் 1,035. அது ஏறக்குறைய நாலரை லட்சம் வரும். ரெண்டையும் கூட்டினாலும் ஆறரை. அப்ப 14 எங்கேர்ந்து வந்துச்சு?


காவிரிக்கரை_செஃப் | அக்டோபர் 12, மதியம் 3.40

அண்ணே, ரொம்ப நன்றி. பிரேக்ல படிச்சேன், மதியம் சாப்பாடே இறங்கல. முன்பணம் இன்னும் கட்டல. ஆனா ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு.


மிட்லண்ட்ஸ்_கரண்டி | அக்டோபர் 12, மதியம் 3.58

நாளைக்குக் காலையில மொத வேலையா அதை வாங்கிட்டு வாங்க. தனியாப் போகாதீங்க.


கணக்குப்பிள்ளை77 | அக்டோபர் 12, இரவு 9.15

எல்லாம் சரி. ஆனா புத்தகத்துல இருக்கிறதையே பேசிட்டிருந்தா ஊர்ல ஒருத்தனும் ஏர்போர்ட் பக்கம் போயிருக்க மாட்டான். நான் வளைகுடாவில ஹோட்டல் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவன். எங்க சிவகங்கைப் பக்கம் காசு குடுக்காமப் போனவன் யாரு? நகையை அடகு வெச்சோம், போனோம், மீட்டோம். என் மச்சினன் 2023 தொடக்கத்துல பன்னெண்டு லட்சம் குடுத்து யு.கே. போனான். இன்னைக்கு காரைக்குடியில மாடி கட்டியிருக்கான். சட்டப்படி முதலாளி குடுக்கணும்னு சொல்றீங்க. எந்த முதலாளி இங்க இருக்கிற ஒரு சி.டி.பி.-யைத் தேடி வந்து குடுப்பான்? நடுவுல ஒருத்தன் சேத்து வெச்சா அவனுக்குக் கூலி வேணாமா?

யு.கே. மூடிட்டாங்கன்னா வேற நாடு பாருங்க, சரி. ஆனா "ஒரு ரூபா குடுக்காதே"ங்கிறது நடைமுறைக்கு ஒத்து வராத பேச்சு.


யார்ரா_நதி | அக்டோபர் 13, காலை 5.30

கணக்குப்பிள்ளை சார், கூலி வேற, விலை வேற. சேத்து வெச்சதுக்குக் கூலி வாங்குறவருக்கு நம்ம ஊர்ச் சட்டமே அளவு வெச்சிருக்கு. 1983 எமிகிரேஷன் சட்டத்துல பதிவு பண்ணின ஏஜென்ட் சர்வீஸ் கட்டணமா 30,000 ரூபாய் வரைக்கும் வாங்கலாம், ஜி.எஸ்.டி. சேத்தா 35,400. ரசீது குடுக்கணும். மத்திய அரசோட இமைகிரேட் தளத்துல லைசென்ஸ் நம்பர் போட்டா அந்த ஏஜென்ட் பேரு வரணும். ஸ்டூடன்ட் விசா பாக்குற கன்சல்டன்சி எல்லாம் ஆள் அனுப்புற லைசென்ஸ் இல்லாம செஃப் விசா பேசக்கூடாது. உங்க மச்சினன் குடுத்த பன்னெண்டு லட்சத்துல கூலி எவ்வளவு, விலை எவ்வளவு?

தம்பி காவிரிக்கரை, நான் மெல்பர்ன். பப் கிச்சன்ல சூ செஃப் (தலைமை செஃப்புக்கு அடுத்த ஆள்). ஆஸ்திரேலியா உங்களுக்குத் திறந்திருக்கு, ஆனா வேலை பிடிக்கிறது உங்க பாடு.

விசா பேரு ஸ்கில்ஸ் இன் டிமாண்ட், சப்கிளாஸ் 482. 2024 டிசம்பர் 7-ல பழைய டி.எஸ்.எஸ். விசா போய் இது வந்துச்சு. செஃப் (351311) கோர் லிஸ்ட்டுல (ஆள் தேவைப்படுற வேலைகள் பட்டியல்ல) இருக்கு. அனுபவம் முன்னாடி ரெண்டு வருஷம் கேட்டது, இப்ப ஒரு வருஷம் முழுநேரம் போதும். 2025 ஜூலை கணக்குப்படி சம்பளம் குறைஞ்சது 76,515 ஆஸ்திரேலிய டாலர் காட்டணும். நம்ம காசுல 44 லட்சம்னு கேட்டதும் மயங்கிடாதீங்க. வரி போகும், மெல்பர்ன்ல வாடகை பாதியைத் தின்னும். இங்கிலீஷுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.-ல 5. இந்திய பாஸ்போர்ட்ல செஃப்பா வர்றவங்களுக்கு டி.ஆர்.ஏ. (தொழில் திறனைச் சோதிக்கிற ஆஸ்திரேலிய அரசு அமைப்பு) வழியா ஸ்கில் அசெஸ்மென்ட்டும் கேக்குறாங்க, அதுல டெக்னிக்கல் இன்டர்வியூ உண்டு.

முதலாளி கட்ட வேண்டியதுல பெருசு ட்ரெயினிங் லெவி (பயிற்சி நிதிக் கட்டணம்). சின்னக் கடைன்னா வருஷத்துக்கு 1,200 டாலர், பெரிய கம்பெனின்னா 1,800. அதை உங்ககிட்ட வசூல் பண்ணக்கூடாது. 2015-லேர்ந்து இங்க ஸ்பான்சர்ஷிப்பை விக்கிறது மட்டுமில்ல, காசு குடுத்து வாங்குறதும் சட்டவிரோதம். அதனால ஏமாந்தவன்கூட புகார் சொல்லப் பயப்படுறான். விக்கிறவனுக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

வேலை தேடுற விதத்தைச் சொல்றேன். நம்மாளுங்க எல்லாரும் சிட்டியில இருக்கிற இண்டியன் ரெஸ்டாரன்ட்டா பாத்து சி.வி. அனுப்புவாங்க. அங்க போட்டி ஜாஸ்தி, ஸ்டூடன்ட் விசாவில உள்ளூர்லயே ஆள் கிடைக்கும். மில்டுரா, ஷெப்பர்ட்டன், பென்டிகோ மாதிரி ஊர்கள்ல பப், மோட்டல், கிளப் கிச்சனுக்கு வருஷம் பூரா ஆள் தேவை. அங்க ஷ்னிட்சல், பார்மா, ஸ்டேக், ஞாயித்துக்கிழமை ரோஸ்ட். நீங்க தந்தூர்காரர்னு மட்டும் எழுதினா அவனுக்குப் புரியாது. "ஒரு சர்வீஸுக்கு 180 கவர், கிரில் செக்ஷன்"னு எழுதினாப் புரியும் (கவர்னா சாப்பிடுற ஆள் கணக்கு). சீக்ங்கிற வேலை தேடுற தளத்துல விளம்பரத்திலேயே ஸ்பான்சர்ஷிப் உண்டுன்னு போட்டிருப்பான், அதைத் தேடுங்க. முதலாளி ஸ்பான்சர் பண்றதுக்கு முன்னாடி நாலு வாரம் உள்ளூர்ல விளம்பரம் குடுத்தே ஆகணும், அதனால பதில் வர மெதுவாத்தான் ஆகும். ஃபாஸ்ட் ஃபுட், டேக்அவே கடைக்கு செஃப் ஸ்பான்சர் கிடையாது, அங்கேர்ந்து ஆஃபர் வந்தா சந்தேகப்படுங்க.

வந்த பிறகும் ஒரு வலை இருக்கு. சம்பளம் பூரா பேங்குல போடுவான், மறுநாள் "எண்ணூறு டாலர் கேஷாத் திருப்பிக் குடு"ம்பான். ஒரு தடவை குடுத்தா விசா முடியுற வரைக்கும் குடுக்கணும். வேலை போனா என்ன ஆகும்னு பயந்துதான் நம்ம பசங்க குடுக்குறாங்க. 2024 ஜூலைக்கு அப்புறம் அந்தப் பயம் அவ்வளவா வேண்டியதில்ல, வேலை விட்டா வேற ஸ்பான்சர் தேட 180 நாள் இருக்கு.


செராங்கூன்_ரோடு | அக்டோபர் 13, காலை 10.05

அக்கா சொன்னது பெரிய திட்டம். காசும் காலமும் இல்லாதவங்க சிங்கப்பூரையும் பாக்கலாம்.

முன்னாடி சர்வீஸ் துறை வொர்க் பெர்மிட்ல இந்தியாவுக்கு இடமில்ல, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி)தான். 2023 செப்டம்பர் 1-லேர்ந்து இண்டியன் ரெஸ்டாரன்ட் சமையல்காரருக்கு வொர்க் பெர்மிட் திறந்துவிட்டாங்க. சம்பளம் குறைஞ்சது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு கடையில இந்த வகை ஆள் மொத்த ஆளுல 8 சதவீதம்தான் வெச்சுக்க முடியும், அதனால சின்னக் கடையில இடம் விழாது. குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது.

ஏஜென்சிக் காசுக்கு இங்கயும் உச்சவரம்பு உண்டு. ஒரு வருஷ கான்ட்ராக்ட்டுக்கு ஒரு மாசச் சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாசச் சம்பளம். ஐ.பி.ஏ. (வேலைக்கு அரசு தர்ற முன் அனுமதி) கடுதாசி வந்தா முதல்ல அதுல போட்டிருக்கிற அடிப்படைச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் பாருங்க. வாயில 2,400 சொல்லிட்டு ஐ.பி.ஏ.-ல வேற போட்டிருந்தா, ஐ.பி.ஏ.-தான் நிக்கும். அந்த நம்பரை மனிதவள அமைச்சுத் தளத்துல போட்டுச் சரிபாருங்க, ஃபோட்டோஷாப் ஐ.பி.ஏ. நிறையச் சுத்துது.


கணக்குப்பிள்ளை77 | அக்டோபர் 13, இரவு 8.44

35,400 கணக்கு எனக்கும் தெரியும்மா. அந்தக் காசுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட்டைக் காட்டுங்க, நானே பத்துப் பேரைக் கூட்டிட்டு வர்றேன்.


யார்ரா_நதி | அக்டோபர் 14, காலை 5.20

சென்னையில தமிழக அரசே நடத்துற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, ஓ.எம்.சி.எல். 1978-லேர்ந்து. அவங்க விளம்பரத்துல குக் வேலையும் வரும். எண்ணிக்கை குறைச்சல்தான், ஒத்துக்கிறேன். பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போங்க சார்.


மிட்லண்ட்ஸ்_கரண்டி | அக்டோபர் 14, காலை 7.00

மச்சினன் மாடி கட்டினது சந்தோஷம். அதே வருஷம் அதே தொகை குடுத்து வந்தவங்க கதை ஒண்ணு சொல்றேன், ஊர் பேரு வேண்டாம். நாலு பசங்க, ஒரே கடை. வந்து ஆறேழு மாசத்துல கடையோட லைசென்ஸை ஹோம் ஆபீஸ் (யு.கே. உள்துறை) பறிச்சுடுச்சு, முதலாளி சம்பளக் கணக்கு காட்டல. பசங்களுக்கு லெட்டர் வந்துச்சு: 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் தேடு, இல்ல கெளம்பு. அப்போ 38,700 வந்தாச்சு. பழைய விசாக்காரங்களுக்குத் தனி ரேட்டு உண்டுன்னாலும் அதைப் புரிஞ்சுக்கிட்டு எடுக்கிற முதலாளி எத்தனை பேரு? ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சுது. ரெண்டு பேரு கடனோட ஊருக்குப் போனாங்க. மாடி கட்டினவன் கதை கல்யாண வீட்டுல பேசுவாங்க. கடனோட வந்தவன் கல்யாண வீட்டுக்கே வர மாட்டான், அதனால அந்தக் கதை உங்க காதுக்கு வந்திருக்காது.

ஏற்கெனவே இங்க இருக்கிறவங்க இதைப் படிச்சா: 2024 ஏப்ரல் 4-க்கு முன்னாடி இந்த விசாவுக்குள்ள வந்து தொடர்ந்து இருந்தா, இப்ப உங்களுக்கான குறைஞ்சபட்சச் சம்பளம் 31,300 பவுண்டு. விசாவை முறிய விடாதீங்க. ஒரு தடவை விட்டா திரும்ப செஃப்பா நுழைய முடியாது.


பரோட்டா_வீச்சு | அக்டோபர் 14, மதியம் 1.35

எல்லாரும் படிச்சவங்க பேசுறீங்க. எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. மதுரைப் பக்கம். எட்டாவது வரைக்கும்தான். பதினாறு வயசுல பாத்திரம் கழுவப் போனேன், அப்புறம் பரோட்டா, அப்புறம் தோசைக்கல், இப்ப சரக்கு மாஸ்டர். நூறு கிலோ பிரியாணி தனியாப் போடுவேன். கல்யாண ஆர்டர்னா முன்னூறு இலைக்கு நான் ஒருத்தன் நின்னு பாப்பேன். தினக்கூலி 1,300, வாரம் சனிக்கிழமை கையில குடுப்பாங்க. பேங்க்ல போட்டதே இல்ல. கடை மாறுறப்ப யாரும் லெட்டர் குடுத்ததில்ல, நானும் கேட்டதில்ல. கத்தார்ல கூப்பிட்டாங்க, அங்க கஃபே வேலைன்னாங்க. எனக்கு வயசு 36. ஜெர்மனியில நம்ம ஊர்ச் சமையல்காரங்களுக்குன்னே தனி விசா இருக்குன்னு ஒரு வீடியோவில பாத்தேன். நெசமா?


ரைன்_ஓரம் | அக்டோபர் 14, இரவு 11.20

உண்மைதான். நான் டுசல்டார்ஃபில் ஓர் இந்திய உணவகத்தை நிர்வகிக்கிறேன், இந்த விசாவில் ஆள் எடுத்திருக்கிறோம். வீடியோக்கள் பாதிதான் சொல்கின்றன, மீதியைச் சொல்கிறேன்.

பெயர் ஸ்பெசியாலிடேட்டன்கொக், அதாவது ஒரு நாட்டுச் சமையலில் தேர்ந்தவர். அந்த நாட்டுச் சமையலையே செய்யும் உணவகமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பீட்சா, மறுபக்கம் பட்டர் சிக்கன் என்று இருக்கும் கடைக்குக் கிடைக்காது, மெனு கார்டையே கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். ஜெர்மன் மொழித் தேர்வு இதற்குக் கட்டாயமில்லை. வேலைவாய்ப்புத் துறை சம்மதம் கொடுக்க வேண்டும், முதல் தடவை ஒரு வருடத்துக்குத்தான் கொடுக்கும். அப்புறம் நீட்டிக்கலாம், மொத்தம் நான்கு வருடம் வரை.

நான்கு வருடம் முடிந்தால் கிளம்ப வேண்டும், மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி இதே வழியில் வர முடியும். இதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. அந்த நான்கு வருடத்தில் ஜெர்மன் கற்று வேறு வகை அனுமதிக்கு மாற முயற்சி செய்யலாம். தினம் பத்து மணி நேரம் அடுப்பில் நின்றுவிட்டு வகுப்புக்குப் போனவர்கள் என் கடையில் குறைவு.

பரோட்டா அண்ணே, உங்களுக்கு முட்டுக்கட்டை எங்கே என்றால், சமையல் பயிற்சி அல்லது நீண்ட அனுபவம், இரண்டில் ஒன்றைக் காகிதத்தில் காட்ட வேண்டும். தூதரகத்தில் இருப்பவர் உங்கள் பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. என்னிடம் வரும் விண்ணப்பங்களில் திறமை இல்லாமல் நின்றவை கொஞ்சம், சான்று இல்லாமல் நின்றவை நிறைய.

காவிரிக்கரை தம்பிக்கு வேறு கதவு உண்டு. அரசு அங்கீகரித்த குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம், வருடச் சம்பளம் 43,470 யூரோ (2025 கணக்கு) தரும் வேலை ஒப்பந்தம். இந்த மூன்றும் இருந்தால் அனுபவம் உள்ள தொழிலாளி என்ற வகையில் விண்ணப்பிக்கலாம், நான்கு வருட வேலி கிடையாது. ஒரு சி.டி.பி.க்கு இங்கே அவ்வளவு சம்பளம் எளிதில் தர மாட்டார்கள், சூ செஃப் ஆனால் பேசலாம். உங்கள் படிப்பு கணக்கில் வருமா என்று முதலில் பான் நகரிலுள்ள, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் இசட்.ஏ.பி. அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

விசாக் கட்டணம் 75 யூரோ. "ஜெர்மனி விசா ஃபீஸ் மூன்று லட்சம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


கடற்காத்து | அக்டோபர் 15, காலை 9.48

அண்ணை, நான் யாழ்ப்பாணம். கொழும்பில ஹோட்டலில குக்கா நிக்கிறன். உங்கட இந்தியன் ரெஸ்டோரண்டுக்கு நாங்கள் அந்த விசாவில வரேலுமோ? எங்களுக்கும் தோசை, கறி எல்லாம் வரும்தானே.


ரைன்_ஓரம் | அக்டோபர் 15, பிற்பகல் 2.02

தம்பி, கை வரும், விசா வருவது கஷ்டம். உணவகம் எந்த நாட்டுச் சமையலோ அந்த நாட்டுக் குடியுரிமையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இலங்கை உணவகம் என்று பதிவாகி நடக்கும் கடைகளைத் தேடுங்கள். இங்கே நம் ஈழத்துச் சொந்தங்கள் நடத்துபவை இருக்கின்றன. எதுவானாலும் புறப்படுமுன் உங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிடுங்கள்.


நெறியாளர் | அக்டோபர் 15, மாலை 6.30

"கனடா எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆள் எடுக்க முதலாளி வாங்கும் அனுமதி) 100% கேரண்டி" என்று வாட்ஸ்அப் எண் போட்டிருந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. எண் பகிர வேண்டாம்.


காவிரிக்கரை_செஃப் | அக்டோபர் 15, இரவு 11.58

சர்டிஃபிகேட் வாங்கிட்டேன். எங்க பேக்கரி செஃப்பைக் கூட்டிட்டுப் போனேன், ஆறடி ஆளு. ரெண்டாயிரம் "ஃபைல் சார்ஜ்" கேட்டாங்க, அவரு பாத்த பார்வையில விட்டுட்டாங்க.

கனடா பத்தியும் கேக்கலாம்னு இருந்தேன், நெறியாளர் பதிவைப் பாத்ததும் யோசனையா இருக்கு. ஜப்பான்?


மிட்லண்ட்ஸ்_கரண்டி | அக்டோபர் 16, இரவு 12.15

கனடா: எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1,000 டாலர், கட்ட வேண்டியது முதலாளி. 2024 செப்டம்பர் 26-லேர்ந்து, வேலையில்லாத் திண்டாட்டம் 6 சதவீதமோ மேலயோ இருக்கிற பெரு நகரங்கள்ல குறைஞ்ச சம்பள எல்.எம்.ஐ.ஏ.-வை எடுத்துக்கிறதே இல்ல. டொரான்டோ அதுல மாட்டியிருக்கு. 2025 மார்ச் 25-லேர்ந்து வேலை ஆஃபருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில (நிரந்தரமாக் குடியேற மார்க் போடுற முறையில) குடுத்த கூடுதல் மார்க்கையும் எடுத்துட்டாங்க. அந்த மார்க்குக்காகத்தான் லட்சக்கணக்குல வித்தாங்க. மார்க் போனப்புறமும் விக்கிறான் பாருங்க.

ஜப்பான்: வெளிநாட்டுச் சமையல் செஃப்பா போகணும்னா பத்து வருஷ அனுபவம் கேக்கும், உங்களுக்கு வயசு பத்தாது. டொகுதெய் கினோங்கிற திறன் தொழிலாளி விசாவில ரெஸ்டாரன்ட் வேலைக்குப் போகலாம். என்4 அளவு (அடிப்படை) ஜப்பானிய மொழி, ஒரு திறன் தேர்வு, அஞ்சு வருஷம், குடும்பம் கூடாது. மொழி படிக்கப் பொறுமை இருந்தா சுத்தமான வழி.


பரோட்டா_வீச்சு | அக்டோபர் 16, இரவு 12.50

அப்ப எனக்கு எதுவும் இல்லன்னு சொல்லுங்க.


யார்ரா_நதி | அக்டோபர் 16, காலை 5.45

அப்படி இல்லண்ணே. உங்களுக்கு விசா ரெண்டாவது வேலை, மொத வேலை பேப்பர். வரிசையா சொல்ல மாட்டேன், முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

இந்தச் சனிக்கிழமையே முதலாளிகிட்ட பேசுங்க, கூலியை அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க. கடையில இருபது பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா பி.எஃப். பிடிக்கணும். பி.எஃப். பாஸ்புக்குல முதலாளி பேரு, மாசம் எல்லாம் ஏறியிருக்கும். அனுபவத்துக்கு அதைவிடப் பலமான சாட்சி நம்ம ஊர்ல இல்ல. லெட்டர்ஹெட்ல யாரு வேணா எதையும் அடிச்சுக் குடுப்பாங்கன்னு விசா ஆபீஸருக்கும் தெரியும். பழைய முதலாளிங்க ஒத்துக்கிட்டா லெட்டர் வாங்குங்க: சேர்ந்த தேதி, விட்ட தேதி, என்ன வேலை, எத்தனை பேரு உங்களுக்குக் கீழ, கடையோட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பர். நம்பர் இருந்தா கடை நெசம்னு சரிபாக்கலாம்.

ஆர்.பி.எல்.னு ஒரு திட்டம் இருக்கு, படிக்காம தொழில் கத்தவங்களைச் சோதிச்சு அரசாங்கச் சான்று குடுப்பாங்க. அதை வெச்சு ஆஸ்திரேலியா வர முடியாது, வெறுங்கையா நிக்கிறதுக்கு அது மேல், அவ்வளவுதான்.

முக்கியமா, பத்தாவது. நீங்க பத்தாவது பாஸ் பண்ணலைங்கிறதால பாஸ்போர்ட் இ.சி.ஆர்.-னு இருக்கும். அப்படின்னா கத்தார், துபாய், சவுதி உட்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் (மத்திய அரசு அனுமதி) வேணும். விசிட் விசாவில வா, அங்க மாத்திக்கலாம்னு சொன்னா போகாதீங்க. கிளியரன்ஸோட போனா காப்பீடும் உண்டு, பத்து லட்சத்துக்கு, பிரீமியம் ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். கத்தார் கஃபே ஆஃபரை ஒரேயடியா ஒதுக்காதீங்க. கான்ட்ராக்ட்ல வேலை "குக்"னு இருக்கான்னு பாருங்க, கிளீனர்னோ வெயிட்டர்னோ போட்டிருந்தா வேண்டாம். ரெண்டு வருஷம் பேங்க் சம்பளத்தோட அங்க குக்கா நின்னா ஜெர்மனிக்கு அந்தப் பேப்பர் பேசும். தனித்தேர்வரா பத்தாவதும் எழுதலாம், 36 ஒரு வயசா?


கணக்குப்பிள்ளை77 | அக்டோபர் 16, இரவு 9.30

பேங்க் சம்பளம், பி.எஃப். விஷயத்துல யார்ராம்மா சொன்னது நூத்துக்கு நூறு. பரோட்டா தம்பி, உங்க முதலாளி "பி.எஃப். பிடிச்சா கைக்குக் குறையும்"னு பயமுறுத்துவாரு. பிடிக்கட்டும். மதுரையில ஹோட்டல் கணக்குப் பாக்குற என் பழைய சிநேகிதர் ஒருத்தர் இருக்காரு, முதலாளிகிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித் தருவாரு. தனிச்செய்தி அனுப்பறேன். காசு வேண்டாம்.


காவிரிக்கரை_செஃப் | அக்டோபர் 17, இரவு 12.05

அக்கா, ஆஸ்திரேலியாவுக்கே முயற்சி பண்றேன். சூ செஃப்கிட்ட பேசி கான்டினென்டல் கிரில் செக்ஷனுக்கு மாத்தக் கேட்டிருக்கேன். டெக்னிக்கல் இன்டர்வியூல என்ன கேப்பாங்க?


யார்ரா_நதி | அக்டோபர் 17, காலை 5.35

கிரில்லுக்கு மாறுறது நல்ல யோசனை.

என்கிட்ட ரெசிபி கேட்டதைவிட வேலை முறையைத்தான் அதிகம் கேட்டாங்க. மெனு காஸ்டிங், ஸ்டாக் சுழற்சி, அலர்ஜி இருக்கிற கஸ்டமர் வந்தா பாஸ்ல (தட்டு வெளிய போற மேடையில) என்ன சொல்லுவே, ஒரு கமி வரலைன்னா சர்வீஸை எப்படிப் பிரிப்பே. தந்தூர்னா சும்மா "ஹை ஹீட்"னு சொல்லாம, மாரினேஷன் எதுக்கு, சிக்கன் உள்வெப்பம் எவ்வளவு, எந்த தெர்மாமீட்டர்னு சொல்லணும்.

உணவுப் பாதுகாப்பு எண்ணெல்லாம் இந்த ஊர் எண்ணா இருக்கணும். இங்க ஆபத்தான வெப்பம் 5-லேர்ந்து 60 டிகிரி வரைக்கும். ரெண்டு மணி, நாலு மணி விதி: அந்த வெப்பத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா திரும்ப ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ளன்னா உடனே பரிமாறணும், நாலு தாண்டினா கொட்டணும். சமைச்சதை ஆத்துறப்ப 60-லேர்ந்து 21-க்கு ரெண்டு மணி நேரத்துல, அங்கேர்ந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துல இறக்கணும். யு.கே.-ல படிச்ச நோட்ஸை வெச்சுக்கிட்டு 63, 8 டிகிரின்னு சொல்லிடாதீங்க.


பரோட்டா_வீச்சு | அக்டோபர் 17, மதியம் 3.10

யக்கா, ஒரு சந்தேகம். நூறு கிலோ பிரியாணி அண்டா ராத்திரி வரைக்கும் கை வெக்க முடியாத சூடு. அதை ரெண்டு மணி நேரத்துல எப்படி ஆத்துறது?


யார்ரா_நதி | அக்டோபர் 17, மாலை 4.22

அண்டாவில ஆத்த முடியாதுண்ணே. ரெண்டு இஞ்சுக்கு மேல போகாம அகலத் தட்டுல பிரிச்சுப் போடணும், மூடக்கூடாது, பிளாஸ்ட் சில்லர் (வேகமாக் குளிர வைக்கிற மெஷின்) இருந்தா அதுல தள்ளணும், இல்லன்னா தட்டுக்கு அடியில ஐஸ். தட்டுல நேரத்தையும் வெப்பத்தையும் எழுதி ஒட்டணும். இந்தக் கேள்வியை இன்டர்வியூல கேட்டாங்கன்னா இதே பதில்தான்.